ஒலிவாரெஸ் வந்தால் மன்னிப்பு

ஜெனவீவ் குபியாக் யாரையாவது பாராட்டிப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டு மாடியில்தான் அவர் குடியிருக்கிறார். நான் பிறந்தபோது மருத்துவமனைக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டு, "காது பெருசா இருக்கு, தொப்பி நல்லா நிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். தொப்பியை என் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் போனார். பஃபலோ மில்லர்ஸ் அணியின் தொப்பி அது. எங்கள் தெருவில் ஞானஸ்நானத்துக்கு முன்னால் அதுதான் நடக்கும்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. குளிர்காலத்தில் நகராட்சியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டுகிறார். கோடையில் அதே நகராட்சிக்காகச் சாலைக் குழிகளை அடைக்கிறார். குழியைத் திட்டிக்கொண்டே அடைப்பார், பனியைத் திட்டிக்கொண்டே தள்ளுவார். ஆனால் அவருடைய வசவில் பெரும்பங்கு மில்லர்ஸ் அணியின் முதலாளி ஹார்லன் டட்லிக்குத்தான் போகும். டட்லி இந்த ஊர் முழுக்க வாகன நிறுத்துமிடங்கள் வைத்துப் பணக்காரர் ஆனவர். "பனிக்கும் டட்லிக்கும் ஒரே வித்தியாசம்தான். பனி ஏப்ரல்ல போயிடும்" என்பார் ஜெனவீவ்.

இந்தப் பகையைப் புரிந்துகொள்ள எங்கள் குளிர்காலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அக்டோபரில் பேஸ்பால் ஆட்டங்கள் முடிந்துவிடும். ஒப்பந்தம் தீர்ந்த ஆட்டக்காரர்கள் எந்த அணிக்கும் போகலாம் என்று சந்தைக்கு வருவார்கள். ஃப்ரீ ஏஜென்ட் என்று அவர்களைச் சொல்வோம். நியூயார்க் மாதிரி பணமுள்ள அணிகள் கல்யாணத்துக்கு நகை எடுப்பதுபோல எடுக்கும். எங்கள் மில்லர்ஸ் கடை அடைக்கிற நேரத்துக்குப் போய், அடிபட்ட தக்காளி என்ன விலை என்று கேட்கும். வசந்தம் வரும்வரை எங்களுக்கு ஆட்டம் கிடையாது, இந்தப் பேச்சு மட்டும்தான். குளிருக்கு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதால் இதற்கு அடுப்புப் பேச்சு என்று பெயர். இப்போது அடுப்பு எதுவும் இல்லை. சூடு மட்டும் மிச்சம் இருக்கிறது.

ரசிகர் மன்றத்தின் கூட்டம் ஞாயிறுதோறும் ஒரு மதுக்கடையின் பின்னறையில் நடக்கும். தலைவர் நார்பர்ட் டுடெக். பௌலிங் கூடம் ஒன்றை நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் எப்போதும் நிதானத்தின் பக்கம் பேசுவார். சின்ன ஊர், சின்ன வருமானம், முப்பது வயதைத் தாண்டிய ஒருவனுக்குப் பத்து வருட ஒப்பந்தம் கொடுத்தால் கடைசி நாலு வருடம் அவன் முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அந்தப் பணத்தில் நாலு இளைஞர்களை வளர்க்கலாம் என்பார். மன்றத்தில் பாதிப் பேர் அவரை அடிக்கப் போவார்கள். மீதிப் பேர் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று சொல்லி அடி வாங்குவார்கள்.

"நாம என்ன அனாதை ஆசிரமமா நார்பர்ட்? வளர்த்து வளர்த்து நியூயார்க்குக்குத் தத்துக் குடுத்துக்கிட்டே இருக்கோம்" என்பார் ஜெனவீவ்.

போன வருடத்துக்கு முந்தைய பருவம் வரைக்கும் எங்களிடம் டெவன் ஆர்க்ரைட் இருந்தான். மூன்றாவது பேஸில் நிற்பவன். மீசை முளைக்காத வயதில் வந்து எங்கள் கண் முன்னே ஆளானவன். அவன் ஒப்பந்தம் முடிந்தபோது டட்லி அவனுக்குக் காட்டிய தொகை ஒரு வசைச்சொல் மாதிரி இருந்தது. அவன் நியூயார்க்குக்குப் போனான். அன்று மாலை ஜெனவீவ் பனி வண்டியை ஓரம் கட்டிவிட்டு, விளையாட்டு வானொலிக்குத் தொலைபேசியில் பேசினார். டட்லியைத் திட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"என் சொந்தத் தம்பி கேஸிமிர் அந்த ஆபீஸ்லதான் டிக்கெட் விக்கிறான். திருடனுக்குக் கல்லாவில உக்காந்திருக்கான்" என்று சொல்லிவிட்டார்.

ஊரே கேட்டது. கேஸிமிர் அவரைவிடப் பத்து வயது சின்னவர். எஃகு ஆலை மூடிய வருடம் அப்பா வேலை தேடி வெளியூர் போய்விட, தம்பியை மைதானத்துக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனது ஜெனவீவ்தான். தம்பிக்கு மில்லர்ஸ் அலுவலகத்தில் வேலை கிடைத்தபோது டை வாங்கிக் கொடுத்ததும் ஜெனவீவ்தான். இப்போது அலுவலகத்தில் கேஸிமிருக்குக் 'கல்லா' என்று பெயர் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் அவருடைய இரண்டு பிள்ளைகளும் 'குட்டிக் கல்லா' ஆனார்கள். சின்னவன் ஒரு நாள் உதடு கிழிந்து வந்தான்.

கேஸிமிரின் வீடு எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் குடும்பம் எங்கள் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்கும். அது நின்றுபோனது. எதிரில் பார்த்தால் அவர் சாலையின் அந்தப் பக்கம் போய்விடுவார். நடுவில் லொரெய்ன் என்ற செவிலி தூது போனார். அவர் ஜெனவீவின் தோழி. கேஸிமிர் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று: பத்துப் பேர் கேட்கச் சொன்னதைப் பத்துப் பேர் கேட்கத் தப்பு என்று சொல்லட்டும். படிக்கட்டில் வந்து காதோடு சொல்கிற மன்னிப்பு தனக்கு வேண்டாம்.

ஜெனவீவ் அதைக் கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு கீழே எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. ஆனால் அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பன்றித் தொடையும், குதிரைமுள்ளங்கி என்கிற காரக் கிழங்கில் அரைத்த துவையலும் முன்போலவே ஐந்து பேருக்குச் செய்தார். மிச்சம் எங்களுக்கு வரும். "உங்க வீட்டுல எல்லாரும் எலும்பா இருக்கீங்க" என்று திட்டிவிட்டுக் கொடுப்பார்.

ஒரு வருடம் இப்படிப் போனது. இந்த டிசம்பர் கூட்டத்தில் ரமோன் ஒலிவாரெஸ் பற்றிப் பேச்சு வந்தது. இடது கையால் அடிப்பவன், அந்தக் குளிர்காலத்துச் சந்தையில் அவனைவிடப் பெரிய பெயர் கிடையாது. ஆறு வருடத்துக்குப் பதினைந்து கோடி டாலர் கேட்கிறான் என்று செய்தி. டட்லி அவனுடைய மட்டையைக்கூட வாங்கமாட்டார் என்று எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சமயம் பார்த்து லொரெய்ன் தம்பி விஷயத்தை எடுத்தார். ஒரு வார்த்தைதானே, மன்னிப்புக் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்றார்.

ஜெனவீவ் கண்ணாடிக் குவளையை வைத்துவிட்டு எழுந்தார்.

"டட்லி திருடன்னு சொன்னேன். அவன் ஒரு நல்ல ஆட்டக்காரனுக்குக் காசு குடுக்கட்டும், நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கறேன். ஒலிவாரெஸை வாங்கச் சொல்லு. மைக் வச்சு என் தம்பிகிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

அறையே கைதட்டியது. நடக்காது என்று தெரிந்த சபதத்துக்கு எப்போதும் கைதட்டல் அதிகம். மறுநாள் இது கேஸிமிர் காதுக்குப் போயிருக்கும். எங்கள் ஊரில் போகாமல் இருக்காது.

ஜனவரியில் மன்றத்தின் இறைச்சிக் குலுக்கல். தீயணைப்பு நிலையத்து மண்டபத்தில் ஞாயிறு மதியம் நடக்கும். சிறுவர் மைதானத்து வேலியைச் சரிசெய்யப் பணம் சேர்ப்பதற்காக. நீள மேசைகளில் ஒவ்வொரு கூட்டமும் தன் தீனியைத் தானே கொண்டுவந்து பரப்பியிருக்கும். சீட்டு ஒரு டாலர். நார்பர்ட் மேடையில் சக்கரத்தைச் சுற்றுவார். எண் விழுந்தவர் போய்ப் பன்றி இறைச்சியோ, போலந்து சாசேஜோ, ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டோ தூக்கிக்கொண்டு வருவார். காசு கொடுத்தே வாங்கிக்கொள்ளலாம், ஆனாலும் ஜெயித்த இறைச்சிக்கு ருசி வேறு.

வாசலுக்குப் பக்கத்தில் கேஸிமிர் ஒரு சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அணி அவரை வருடாவருடம் அனுப்பும், அடுத்த பருவத்துக்கான டிக்கெட் விற்க. அவர் மேசையை நோக்கி யாரும் போகவில்லை. சிலர் போகிற போக்கில் வாகனம் நிறுத்தக் கட்டணம் உண்டா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவர் டையைச் சரிசெய்துகொண்டு எல்லாருக்கும் ஒரே மாதிரித் தலையாட்டினார். ஜெனவீவ் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் அவர் மேசையில் இருந்ததால் சொல்கிறேன், ஆறு சுற்று வரைக்கும் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

ஏழாவது சுற்றின்போது முதலில் பின்மேசையில் ஒரு கைபேசி அடித்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் மண்டபம் முழுக்க. லொரெய்ன் தன் திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தார். அணியின் சொந்த அறிவிப்பு, ஒரே வரி: மில்லர்ஸ் ரமோன் ஒலிவாரெஸுடன் ஒப்பந்தம் செய்துள்ளது.

அப்புறம் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. நார்பர்ட் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் பக்கத்தில் ஒருவர் சாசேஜ் தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மேசைமேல் ஏறினார். டட்லி வாழ்க என்று யாரோ கத்தினார்கள். அந்த வார்த்தைகளை இந்த ஊரில் நான் அன்றுதான் முதலில் கேட்டேன். கொஞ்சம் அடங்கியதும் எல்லாருடைய தலையும் எங்கள் மேசைப் பக்கம் திரும்பியது. "மைக், மைக்" என்று ஆரம்பித்தார்கள். கால்களால் தரையைத் தட்டினார்கள். அதில் அன்பு இல்லை. ஒரு வருடம் ஊரையே திட்டியவரை நிற்க வைத்துப் பார்க்கும் ஆசைதான் இருந்தது.

ஜெனவீவ் எழுந்து மேடைக்குப் போனார். நார்பர்ட் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"போன டிசம்பருக்கு முன்ன டிசம்பர்ல ரேடியோல என் தம்பியைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேன். அது தப்பு." நிறுத்தினார். கைதட்டத் தொடங்கியவர்களைக் கையமர்த்தினார். "அவன் பசங்க பள்ளிக்கூடத்துல அதுக்காக அடி வாங்கினாங்க. தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கல. சின்னவன் உதட்டை ஜன்னல்லேருந்து பார்த்தேன். இறங்கி வரல. அதுவும் தப்பு. மன்னிச்சிடு, கேஸ். அவ்வளவுதான். எல்லாரும் வாயை மூடிக்கிட்டுச் சக்கரத்தைச் சுத்துங்க."

கேஸிமிர் எழுந்து நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நான் நினைத்தேன்.

அடுத்த சுற்றுக்குச் சீட்டு விற்று முடிப்பதற்குள் லொரெய்ன் மறுபடி திரையைப் பார்த்தார். இந்தத் தடவை மெதுவாக உட்கார்ந்தார். கைபேசியை ஜெனவீவ் பக்கம் நகர்த்தினார். நானும் எட்டிப் பார்த்தேன். படத்தில் இருந்தவன் பந்து வீசுகிறவன், வலது கைக்காரன், தாடி நரைத்தவன். வயது முப்பத்தாறு. மூன்று அணிகள் கழித்துவிட்டவன். வசந்தகாலப் பயிற்சிக்கு வந்து பார்க்கலாம், தேறினால் அணியில் இடம், இல்லாவிட்டால் ஊருக்குப் பேருந்து, அப்படி ஒரு ஒப்பந்தம். அவன் பெயரும் ரமோன் ஒலிவாரெஸ்தான். இந்த ஆட்டத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது புதிதில்லை, எங்களுக்குத் தெரியாததும் இல்லை. பசித்தவன் கண்ணுக்கு எல்லா வெள்ளையும் சோறு.

மண்டபத்தில் சத்தம் மேசை மேசையாக அவிந்தது. அப்புறம் வேறு சத்தம் எழுந்தது. ஜெனவீவ் அதற்குள் வாசல் பக்கம் போய்விட்டார்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். ஒரு வருடத்துக்கப்புறம் தம்பியிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"நேத்து சாயங்காலம். சுவரொட்டி எதுவும் அடிக்க வேணாம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. பெரிய ஒலிவாரெஸா இருந்தா சொல்லியிருப்பாங்களா?"

"தெரிஞ்சும் என்னை மேடையில நிக்க விட்ட."

"நான் எங்க விட்டேன்? நீயா எழுந்து போன." கேஸிமிர் டிக்கெட் தாள்களை மேசைமேல் வைத்தார். "நிறுத்தணும்னுதான் எழுந்தேன். நீ பேச ஆரம்பிச்சிட்ட. ஒரு வருஷமா நான் அதைத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்."

ஜெனவீவ் அவரை மேலும் கீழும் பார்த்தார். "டட்லிகிட்ட நல்லாத்தான் தொழில் கத்திருக்க. பேரை மட்டும் காட்டி, காலணா செலவில்லாம மன்னிப்பை வாங்கிட்ட." பிறகு மண்டபத்தின் பக்கம் திரும்பினார். அவர் குரலுக்கு மைக் வேண்டியதில்லை. "சொன்னதை வாபஸ் வாங்கறேன். எல்லாரும் கேட்டுக்கோங்க."

கைதட்டினார்கள். மன்னிப்புக்குத் தட்டியதைவிடப் பலமாகத் தட்டினார்கள். யாரோ ஒரு ரொட்டியை வீசினார்கள், அது கேஸிமிரின் டிக்கெட் தாள்கள்மேல் விழுந்து குதிரைமுள்ளங்கிச் சாற்றைச் சிந்தியது. அவர் தாள்களைத் துடைத்து அடுக்கி, மேசையை மடக்கி, வெளியே போனார். ஜெனவீவ் இடத்துக்கு வந்து உட்கார்ந்து கடைசிச் சுற்று வரைக்கும் சீட்டு வாங்கினார். லொரெய்ன் தோளைத் தொட்டதற்குக் கையைத் தட்டிவிட்டார்.

இரவெல்லாம் ஏரிப் பக்கமிருந்து பனி கொட்டியது. காலையில் பள்ளிகளுக்கு விடுமுறை. நான் எங்கள் வாசலை வெட்டிக்கொண்டிருந்தபோது ஜெனவீவின் வண்டி தெருவுக்குள் வந்தது. ஒரு முறை நேராகத் தள்ளிக்கொண்டு போனது. முனையில் திரும்பி மறுபடி வந்தது. இந்தத் தடவை முன்தகடு சாய்ந்திருந்தது. தெருவில் விழுந்த பனி முழுவதையும் ஒரே பக்கமாகச் சேர்த்துக்கொண்டு வந்து, கேஸிமிர் வீட்டுக் கார் வெளியே வரும் வழியின் வாயில் கொட்டியது. என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுவர். இந்த ஊரில் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுவது இதற்காகத்தான்.

கேஸிமிர் மண்வாரியோடு வெளியே வந்தார். மேலே மில்லர்ஸ் கோட்டு. ஜெனவீவ் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"வாபஸ் வாங்கினேனே, காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. எதை வாங்கின?"

"எல்லாத்தையும்."

"ஒலிவாரெஸ் வந்தா நீ சொன்ன வார்த்தை தப்புன்னு ஒத்துக்கறேன்னுதானே பேச்சு?" கேஸிமிர் மண்வாரியைப் பனியில் குத்தி நிறுத்தினார். "அவன் வரல. அந்த மன்னிப்பு உன்னது, எடுத்துக்கோ. நான் திருடனோட கல்லாவாவே இருந்துட்டுப் போறேன். ஆனா என் பசங்களைப் பத்தி ஒண்ணு சொன்ன. ஜன்னல்லேருந்து பார்த்தேன்னு சொன்ன. அதுக்கும் ஒலிவாரெஸுக்கும் என்ன சம்பந்தம்? அதை யாரு உன்னைக் கேட்டா?"

வண்டியின் துடைப்பான் மட்டும் இங்கும் அங்கும் போய்வந்துகொண்டிருந்தது.

"அதையும் வாபஸ் வாங்கறதுன்னா இப்ப வாங்கு. ரெண்டு பேரும் உள்ளதான் இருக்காங்க. கூப்பிடறேன், முகத்தைப் பார்த்துச் சொல்லு."

"கூப்பிடாத." ஜெனவீவ் கையுறைகளை இழுத்து மாட்டிக்கொண்டார். "அது இருக்கட்டும்."

கேஸிமிர் தலையை ஆட்டினார். குனிந்து சுவரை வெட்ட ஆரம்பித்தார்.

"நான் எடுத்துத் தரமாட்டேன்" என்றார் ஜெனவீவ்.

"யாரு கேட்டா?"

கண்ணாடி ஏறியது. வண்டி உறுமியது, ஆனால் நகரவில்லை. கண்ணாடி மறுபடி இறங்கியது.

"நாப்பது வயசுக் கிழவனை வச்சுக்கிட்டு என்னடா பண்ணப் போறீங்க?"

"முப்பத்தாறு."

"பந்து போய்ச் சேர்றதுக்குள்ள நாப்பது ஆயிடும்."

"போன வருஷம் கடைசி ரெண்டு மாசம் நல்லாத்தான் போட்டிருக்கான், ஜென். புதுசா ஒரு வளைவுப் பந்து கத்துக்கிட்டிருக்கான்."

"எவன் சொன்னான்? டட்லியா?"

"நானே பார்த்தேன்."

"நீ மூணு வயசுலேருந்து வளைவுப் பந்தைத் தப்பாத்தான் பார்க்கற."

தபால் வண்டி ஒன்று பின்னால் வந்து நின்று ஹாரன் அடித்தது. கேஸிமிர் பனிச்சுவரின்மேல் ஏறி, கையுறையைக் கழற்றிவிட்டு, ஒலிவாரெஸ் பந்தை எப்படிப் பிடிக்கிறான் என்று விரல்களை வைத்துக் காட்டினார். ஜெனவீவ் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, அப்படிப் பிடித்தால் பந்து எங்கே போகும் என்று கத்தினார். தபால்காரர் மறுபடி அடித்தார்.

"பொறுய்யா" என்று அவரையும் திட்டினார் ஜெனவீவ். "குடும்ப விஷயம் பேசிக்கிட்டிருக்கோம்."